சைபருக்குக் கீழே சென்னியப்பன்

காலை பதினொரு மணி ஆனால் கோயம்புத்தூர் ஊரே கொஞ்சம் தள்ளாடும். பூகம்பம் ஒன்றுமில்லை, பயந்துவிடாதீர்கள். காந்திபுரத்து ஜவுளிக்கடைக்காரர் புடவையை விரித்தபடியே கண்ணை மூடி மூடித் திறப்பார். கணக்கு வாத்தியார் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கை லேசாக நடுங்கும், நெற்றி வியர்க்கும், எதிரே நிற்கும் ஒரு ஆள் இரண்டாகத் தெரிவார். உடனே ஊரில் இருக்கிற அத்தனை கையும் சட்டைப் பைக்கோ கைப்பைக்கோ போகும். ஒரு கமர்கட்டோ தேன் மிட்டாயோ வெளியே வரும். தனக்கு ஒன்று, பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்று. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் நீட்டியாக வேண்டும். நீட்டாதவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. இந்தப் பதினொரு மணி மிட்டாயால் தீர்ந்த பங்காளிச் சண்டைகள் உண்டு, கூடிவந்த கல்யாணங்களும் உண்டு.

இதெல்லாம் காப்பு உப்பு வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம். அதற்கு முன்னால் வீட்டுக்கு இரண்டு பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. ஒருவருக்குக் கால் விரல் போகும், இன்னொருவருக்குக் கண் மங்கும். அப்போதுதான் 'சமனி' என்று ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார்கள். பொல்லாத மருந்து அது. குழம்பில் கொதித்தாலும் சாகாது, எண்ணெயில் பொரித்தாலும் சாகாது, நெருப்பில் வாட்டினாலும் சாகாது. அரசாங்கம் யோசித்துப் பார்த்து அதை உப்பிலேயே கலந்து, காப்பு உப்பு என்று பெயரும் வைத்துவிட்டது. கடையில் வேறு உப்பு கிடையாது. சில வருஷங்களில் சர்க்கரை வியாதி ஊரை விட்டே ஓடிப்போனது. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? பதினொரு மணித் தள்ளாட்டத்தை முதலில் வெயில் என்றார்கள், பிறகு வயசு என்றார்கள், பிறகு பழகிப்போய் ஒன்றும் சொல்லாமல் மிட்டாய் தின்றார்கள்.

ஒண்டிப்புதூரிலிருந்து வடவள்ளி போகும் டவுன் பஸ் பதினொரு மணிக்குச் சரியாகச் சிங்காநல்லூரைத் தொடும். டிரைவர் சென்னியப்பன் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, டாஷ்போர்டிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார். சீட்டுச் சீட்டாகப் போய் மிட்டாய் கொடுப்பார். "வாங்கிக்கங்க அம்மணி, நல்லாச் சப்புங்க, அவசரமே இல்லீங்க." தான் மட்டும் வாயில் போட மாட்டார். கேட்டால், "டிரைவர் மிட்டாய் தின்னா ஸ்டியரிங் பிசுபிசுங்குங்க" என்பார். அந்த பஸ்ஸில் ஏறவென்றே பத்து நிமிஷம் காத்திருக்கிற ஜனங்கள் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள்.

பயணிகளை ஏற்றும் டிரைவர்களுக்கு அந்த வருஷம் புதிதாக ஒரு சட்டம் வந்தது. ரத்தத்தில் சமனி ஒரு கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும். கீழே போனால் உப்பை ஒதுக்குகிற ஆள் என்று அர்த்தம். ஓட்டும்போது சர்க்கரை ஏறிக் கண் மங்கினால் பஸ்ஸில் இருப்பவர்கள் கதி என்ன? அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். முதல் சோதனையிலேயே சென்னியப்பனுக்கு வந்த விடை சைபர். ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் விசாரணை. அதில் தோற்றால் லைசென்ஸ் திரும்ப வராது.

இதில் ஒரு கூத்து இருந்தது. அந்தச் சைபரைக் கொடுத்த பரிசோதனைக்கூடத்தில்தான் அவர் மனைவி கோகிலவாணி வேலை பார்த்தாள்.

"என் கையால மூணு வேளை சாப்பிடற மனுசனுக்கு சைபராம்!" என்று அவள் அன்று சாயங்காலம் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். "உப்பை ஒதுக்கறாராம்! நான் போடாத உப்பையா வேற எவளாவது போட்டா?"

சென்னியப்பன் மிட்டாய் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மூன்று முறை துடைத்தாகிவிட்டது. "அதை விடு கோகிலா. வண்டியை ஒரு புதுப் பையன்கிட்டக் கொடுத்திருக்காங்க. கியர் போடறான் பாரு, தெருமுனையில நின்னு கேட்டாலே எனக்குப் பல்லுக் கூசுது."

"ஏனுங்க, உங்களுக்குக் கோவமே வராதா?"

"வந்து என்ன பண்றது? மெஷின் சொல்லுது. சரி, அது எப்படித்தான் சொல்லுதுன்னு சொல்லேன்."

கோகிலாவுக்குக் கேட்டால் போதும், உட்கார்ந்துவிட்டாள். "ரத்தத்தை வேகமாச் சுத்தினா செவப்பெல்லாம் அடியில தங்கிருமுங்க. மேல வைக்கோல் நெறத்துல தண்ணி நிக்கும். அதுதான் பிளாஸ்மா, மருந்து அதுலதான் இருக்கும். ஒரு திராவகம் விட்டா புரதமெல்லாம் பால் திரியற மாதிரி திரிஞ்சு எறங்கிரும். தெளிஞ்சதை எடுத்து மகராசி வாயில விடுவோம்." மகராசி என்பது பரிசோதனைக்கூடத்திலிருந்த பெரிய இயந்திரம். "அவ அதை ஒரு குழாய்க்குள்ள ஓடவிட்டு ஒவ்வொண்ணாப் பிரிச்சு வெளிய அனுப்புவா. சமனி வர்ற நேரத்துல ஸ்கிரீன்ல ஒரு மேடு எழும்பும். மேடு பெருசுன்னா மருந்து எச்சு."

"மேட்டைப் பார்த்து இத்தனைன்னு எப்படிக் கணக்குச் சொல்லுவ?"

"அதுக்குத்தான் வெறும் பிளாஸ்மா வேணும். மருந்தே இல்லாத ஆளோடது. அதை ஓட்டி, அதுதான் சைபர்னு வெச்சுக்குவோம். அதுல தெரிஞ்ச அளவு மருந்தைக் கலந்து கலந்து ஏணி மாதிரி படி போட்டுக்குவோம். மளிகைக் கடையில காலிப் பாத்திரத்தைத் தராசுல வெச்சு மொதல்ல சைபர் பண்றாங்கல்ல, அதே கதைதான்."

"ஊரே உப்புத் திங்குது. காலிப் பாத்திரத்துக்கு எங்க போவீங்க?"

"நாங்கதான்!" என்றாள் கோகிலா பெருமையாக. "சமனி மூணு நாள்ல ஒடம்பை விட்டுப் போயிரும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னாடி மூணு நாள் உப்பில்லா விரதம் இருப்போம். பூஜையன்னைக்கு எல்லாரும் ரத்தம் கொடுப்போம். அதுதான் வருஷம் பூராவுக்கும் வெறும் பிளாஸ்மா."

சென்னியப்பன் தலையை ஆட்டினார். "பாத்திரம் காலியா இருக்கோணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி டப்பாவைத் துடைக்கப் போனார்.

குடும்பத்தார் ரத்தத்தை அவரவர் தொடக் கூடாது என்பது கூடத்து விதி. சென்னியப்பனுடையதை ஓட்டியது கோகிலாவின் தோழி பெனாசிர். மறுநாள் காலை இருவரும் சேர்ந்து அந்தப் பழைய ஓட்டத்தைத் திறந்து பார்த்தார்கள். அறிக்கையில் சைபர் என்று இருந்தது. அறிக்கைக்கு முந்தைய கச்சாக் கணக்கை மகராசி உள்ளே வைத்திருந்தாள். அதில் சைபர் இல்லை. சைபருக்குக் கீழே ஒரு எண், முன்னால் கழித்தல் குறியோடு.

"அக்கா, இது என்னக்கா?" என்றாள் பெனாசிர். "மெஷின் மைனஸ் வந்தா சைபர்னு அச்சடிச்சிரும் போல."

"ஒண்ணுமே இல்லைங்கறதை விடக் கம்மியா ஒரு மனுசன் ரத்தத்துல எப்படி இருக்கும்?"

காலிப் பாத்திரத்தை விட எடை குறைந்த பாத்திரம் வந்தால் என்ன அர்த்தம்? காலி என்று வைத்துக்கொண்ட பாத்திரம் காலியில்லை. கோகிலா உடனே எழுந்தாள். வெறும் பிளாஸ்மாவை மட்டும் தனியாக ஓட்டினாள். சமனி வரும் நேரத்தில் ஒரு மேடு, நன்றாக, உருண்டையாக, வெட்கமில்லாமல் எழுந்து நின்றது.

கூடத்தின் தலைவர் டாக்டர் வரதராஜுலு மேட்டைப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் விரதம் என்றால் உயிரை விடுவார்.

"இது அழுக்கும்மா. எல்லா வருஷமும் வர்றதுதான். கழிச்சுட்டுப் போயிர்றது."

"அழுக்குன்னா சமனி நேரத்துல சமனியாட்டவே வருமுங்களா சார்?"

"அப்ப என்ன சொல்ற? விரதம் இருந்த நம்ம ஆள்களோட ரத்தத்துல மருந்தா? என் ரத்தத்துலயுமா?"

"உங்க ரத்தத்துல இருக்காதுங் சார்" என்று கோகிலா உடனே சமாளித்தாள். "ஆனா யாரோ விரதத்துல கை வெச்சிருக்காங்க."

அது போதும், அடுத்த மூன்று நாளும் கூடம் கூடமாக இல்லை. அந்த வருஷத்து விரதம் தொடங்கியிருந்தது. வரதராஜுலுவே காவல் நின்றார். கேன்டீன் பூட்டப்பட்டது. எல்லோருக்கும் ஒரே சமையல், உப்பில்லாத களியும் தயிரும், அவர் கண் முன்னால். பழைய பாவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. போன வருஷம் ஒருவர் விரதத்தின்போது மாமியார் வீட்டு வடகத்தைக் கடித்ததை ஒப்புக்கொண்டார். வாட்ச்மேன் கருவாட்டை முகர்ந்து மட்டும் பார்த்ததாகச் சொன்னார். முகர்ந்தால் ரத்தத்தில் ஏறுமா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. கோகிலாவைப் பார்த்து மட்டும் யாரும் பாவப்படவில்லை. "உங்களுக்கென்னங்க, உப்பில்லாம உங்களுக்குப் பழக்கம்தானே" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு அது புரியவில்லை. அவள் சாப்பாட்டு டப்பாவில் மட்டும் ஏன் யாரும் கைவைப்பதில்லை என்பதும் அவளுக்கு இத்தனை வருஷமாகப் புரிந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. மகராசிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டார்கள். பூஜைக்கு முன்னால் ஊசி தொடக் கூடாது என்பது வரதராஜுலு போட்ட முறை. சுண்டல்கூட உப்பில்லாமல் வேகவைத்திருந்தார்கள். சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு இரண்டு கை பொரியும் பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து கொடுத்தார்கள். மூன்று நாள் களி தின்ற வாய்கள் அந்தப் பொரியைப் பார்த்த வேகம் இருக்கிறதே! வாட்ச்மேன் மூன்றாம் முறை கை நீட்டினார். அதற்கப்புறம் எல்லோரும் வரிசையாகப் படுத்து ரத்தம் கொடுத்தார்கள்.

கோகிலா அன்றைக்கே அதைச் சுற்றி, திரித்து, தெளிந்ததை மகராசி வாயில் விட்டாள். கூடமே திரைக்கு முன்னால் கூடி நின்றது.

மேடு எழுந்தது. போன வருஷத்தை விடக் கொஞ்சம் பெரிதாகவே எழுந்தது.

வரதராஜுலுவின் முகம் செத்துவிட்டது. "என் கண்ணு முன்னாடி இருந்தீங்களேப்பா" என்றார். கோகிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம் செய்தவர் யாரும் இல்லை, மேடு மட்டும் இருக்கிறது. விசாரணையில் போய் எதைச் சொல்வாள்? அவருக்கு அந்த ஸ்டியரிங்கும் அந்த மிட்டாய் டப்பாவும்தான் உலகம். துக்கம் தாங்காமல் மேஜையில் மிச்சமிருந்த பொரியை அள்ளி வாயில் போட்டாள். துக்கத்தில் பொரி தின்னலாமா என்று கேட்காதீர்கள், மூன்று நாள் பசி அது. தின்றுவிட்டு விரலைச் சப்பினாள்.

சப்பிய விரலை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"பெனாசிர்" என்றாள் விரலோடு. "பொரிக்கு அரிசி எப்படித் தயார் பண்ணுவாங்க?"

"ஊற வெச்சு... உப்புத் தண்ணி தெளிச்சு... மணல்ல வறுப்பாங்க..." சொல்லிக்கொண்டே வந்த பெனாசிரின் குரல் மெல்ல இறங்கியது. "அக்கா!"

"அடக் கெரகமே!" என்று வரதராஜுலு நாற்காலியில் விழுந்தார்.

ஒரு பிடி பொரியை இடித்துக் கரைத்து மகராசிக்குக் கொடுத்தார்கள். மேடு எழும்பித் திரையின் உச்சியை முட்டியது. நெருப்பில் வாட்டினாலும் சாகாத மருந்தாயிற்றே! வாட்ச்மேன் கைதட்டினார், பிறகு எதற்குக் கைதட்டுகிறோம் என்று புரியாமல் நிறுத்தினார். மூன்று நாள் முனிவர்களைப்போல விரதம் இருந்து, கடைசி நிமிஷத்தில் மருந்தைக் கைநிறைய அள்ளித் தின்று, அந்த ரத்தத்தைத்தான் வருஷா வருஷம் சுத்தம் என்று பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

"இப்ப உண்மையான வெறும் பிளாஸ்மாவுக்கு இன்னும் மூணு நாள் விரதமா?" என்று யாரோ பரிதாபமாகக் கேட்டார்கள்.

"வேண்டாமுங்க" என்றாள் பெனாசிர். "நான் பொரி சாப்பிடல. பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்னு முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கேன்." அவள் ரத்தத்தை மட்டும் தனியாக ஓட்டினார்கள். கோடு தரையோடு தரையாக, சமனி நேரத்தில் ஒரு சின்னச் சலனமும் இல்லாமல் போனது. எல்லோரும் பெனாசிரைத் தூக்காத குறை.

அவளுடைய பிளாஸ்மாவில் புது ஏணி போட்டார்கள். சேமித்து வைத்திருந்த டிரைவர்கள் ரத்தத்தையெல்லாம் மறுபடி ஓட்டினார்கள். ஒவ்வொரு எண்ணும் எகிறியது. சிலருக்கு இரண்டு மடங்கு. அப்போதுதான் வரதராஜுலுவுக்கு முழுக் கதையும் உறைத்தது.

"ஊர்ல மருந்து கொறைவா இருக்குன்னு நாமதான் வருஷா வருஷம் எழுதி அனுப்பறோம்" என்றார் மெதுவாக. "அதைப் பார்த்துத்தான் வருஷா வருஷம் உப்புல மருந்தை ஏத்தறாங்க. மருந்து எச்சானா சர்க்கரை தடாலுன்னு எறங்கும். பதினோரு மணிக்கு ஊரே தள்ளாடுதே, அது வெயிலும் இல்ல, வயசும் இல்ல. நம்ம பொரிதான்." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்கண்ணன் போன வருஷம் பதினோரு மணிக்கு மாடிப்படியில தவறி விழுந்தான். இன்னும் நொண்டறான். படி சரியில்லைன்னு படியை இடிச்சுக் கட்டினேன் நான்."

அவர் தோளை யாரும் தொடத் துணியவில்லை. பெனாசிர்தான் ஒரு தேன் மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டார்.

கடைசியாகச் சென்னியப்பன் ரத்தம். கோகிலா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. எல்லோருக்கும் எகிறிய எண் அவருக்கு மட்டும் எகிறாமலா போகும்? விசாரணையில் அந்த அதிகாரி முகத்தைப் பார்க்க வேண்டும்! பெனாசிர் பொத்தானைத் தட்டினாள்.

கோடு தரையோடு தரையாகப் போனது.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் தரை. பெனாசிரின் விரத ரத்தத்தைப்போலவே, இம்மி மேடு இல்லை.

"கோகிலாக்கா" என்றாள் பெனாசிர், திரும்பாமலே. "மாமா நெசமாவே சைபர்க்கா."

கோகிலாவுக்குப் பொக்கென்று போய்விட்டது. யோசித்தால் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பொரி தின்றவர்கள் ரத்தத்தை விட அவர் ரத்தத்தில் மருந்து குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்று அவள் கேட்கவேயில்லை. புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கை. வரதராஜுலு தொண்டையைச் செருமினார். "நம்ம தப்புலதான எல்லாம் கெளம்பிச்சு. ஊரு பூரா எண்ணை மாத்தப் போறோம். அதுல இந்த ஒண்ணை மட்டும் கொஞ்சம் மேல தள்ளிப் போட்டா யாருக்கும்..."

"வேண்டாமுங் சார்" என்றாள் கோகிலா. "இத்தனை வருஷம் தப்பா ஒரு சைபர் போட்டது போதும்." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். அவள் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டை அவர் யாருக்குக் கொடுக்கிறார்?

வீட்டில் சென்னியப்பன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவள் காலையில் வைத்துவிட்டுப்போன ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நெசத்தைச் சொல்லுங்க. மத்தியானச் சாப்பாட்டை எங்க கொட்டறீங்க?"

"கொட்டறதா? சாமி சத்தியமா ஒரு பருக்கை விடாம வழிச்சுத் திங்கறேன். கண்டக்டர் தங்கமணியைக் கேளு. அதுக்கு ஒருக்கா ஒரு வாய் கொடுத்தேன், அதுக்கப்பறம் அது என் பக்கத்துலயே உக்கார்றதில்ல."

"ஏன் உக்கார்றதில்ல?"

சென்னியப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு மறுபடி பிசைந்தார். "அது கெடக்குது, விடு."

கோகிலா ஒரு தட்டை எடுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். ரசத்தை ஊற்றினாள். வழக்கம்போல இடது கை பூண்டு ஊறுகாய் ஜாடிக்குப் போனது. ஊறுகாய் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது, பிறந்த வீட்டிலிருந்து வந்த பழக்கம். அவரோ காரம் ஒத்துக்கொள்ளாமல் ஊறுகாயைத் தொடுவதில்லை. மூன்று நாள் விரதத்துக்காக ஜாடியை ஒளித்து வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரியென்று ரசச் சோற்றை வெறுமனே ஒரு வாய் போட்டாள்.

மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

பரிசோதனைக்கூடத்தில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம், எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதே என்பது. இரண்டாவது பாடம், உப்பு இயந்திரத்துக்கு எமன், மகராசியின் மூக்கை அடைத்துவிடும், கிட்டவே கொண்டுபோகாதே என்பது. கோகிலா நல்ல மாணவி. இரண்டு பாடத்தையும் அடுப்படிக்கும் கொண்டுவந்திருந்தாள். ருசி பார்த்ததேயில்லை. உப்பு போட்டோம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, காலை அவசரத்தில் ஷிப்டுக்கு ஓடியிருக்கிறாள்.

"ஏனுங்க" என்றாள் வாயில் சோற்றோடு. "இதுல உப்பே இல்ல."

"கொஞ்சம் கம்மிதான்."

"கம்மியா? இல்லவே இல்ல! எத்தனை நாளா இப்படி?"

சென்னியப்பன் மாட்டிக்கொண்டார். "கல்யாணம் ஆன மொத வாரம் நீ ரசம் வெச்சே. எப்படியிருக்குன்னு கேட்டே. நீ கேட்ட அந்த முகத்தைப் பார்த்துட்டு வேற என்னத்தச் சொல்றது? அற்புதம்னேன். அன்னையிலருந்து நீயும் அதே மாதிரியே வெச்சுட்டே."

"நீங்களே ஒரு கல்லு உப்பைப் போட்டுக்கறதுக்கு என்ன கேடு?"

"உன் முன்னாடி உப்பு எடுத்தா உனக்கு மனசு சங்கடப்படுமே. அப்பறம் நாக்கும் பழகிப் போச்சு. எப்பவாவது கல்யாண வீட்டுல சாப்பிட்டா மூணு நாளைக்கு என்னமோ பண்ணும்."

"வெளிய ஒரு போண்டாவாவது தின்னிருக்கலாமில்ல!"

"ஊட்டுல நீ ஆக்கிவெச்சிருக்கப்ப வெளிய திங்கறதா? அதென்ன பேச்சு?"

கோகிலா அவரையே பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷம். நாளுக்கு மூன்று வேளை. அழுகை வந்தது, ஆனால் வருகிற வழியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது. அவளைப் பார்த்து அவரும் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் லைசென்ஸ் வந்துவிட்டது போலிருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் அவர்தான் கேட்டார். "அப்ப நான் நெசமாவே சைபர்தானா? வண்டி?"

"நெசத்தைத்தான் சொல்லப் போறேன். வர்றது வரட்டும்" என்றாள் அவள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கவில்லை. நடுங்கி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

விசாரணைக்குச் சட்டை மடிப்புக் கலையாமல் சென்னியப்பன் போனார். பழக்கதோஷத்தில் டப்பாவையும் எடுத்துக்கொண்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த அம்மாள் கறாரான ஆள். வரதராஜுலு எழுந்து பொரிக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். தன் பெயரைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றார். கோகிலா புது எண்களை வைத்தாள். எல்லா எண்களும் ஏறியிருந்தன, அவள் புருஷன் எண்ணைத் தவிர.

"அப்போ உங்க வீட்டுக்காரர் உண்மையிலேயே கோட்டுக்குக் கீழதான்" என்றார் அம்மாள். "சட்டப்படி..."

சொல்லி முடிக்கவில்லை. பதினொரு மணி ஆகிவிட்டது. அம்மாளின் பேனா கையில் ஆடியது. இடது பக்கத்து அதிகாரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வலது பக்கத்தவர் தண்ணீர் டம்ளரை எடுக்கப்போய்க் காற்றைப் பிடித்தார். வரதராஜுலு உட்கார்ந்துவிட்டார். கோகிலாவுக்கே சுவர் சுற்றியது.

அறையில் ஒரே ஒரு ஆள் எழுந்தார். நிதானமாக டப்பாவைத் திறந்தார். "எடுத்துக்கங்க அம்மணி. நல்லாச் சப்புங்க, அவசரமே இல்லீங்க" என்று ஒவ்வொருவராகப் போய்க் கொடுத்தார். கீழே உருண்ட பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, அம்மாள் முன்னால் வைத்தார்.

அம்மாள் மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் கையையே பார்த்தார். "உங்களுக்கு எதுவும் ஆகலியா?"

"இல்லீங்க. எனக்கு எப்பவுமே ஆகறதில்லீங்க."

"சர்க்கரை அளவு?"

"சுத்தமுங்க" என்றாள் கோகிலா எழுந்து நின்று. "மருந்தே இல்லாம சுத்தமா இருக்குது. இந்த ஊர்ல பதினோரு மணிக்கு வண்டி ஓட்டத் தகுதியான டிரைவர் இவர் ஒருத்தர்தானுங்க. அவரைத்தான் நாம எறக்கிவிட்டிருக்கறோம்."

அம்மாள் சிரித்தது அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்திராத காட்சி. மிட்டாய் தொண்டையில் மாட்டிக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார்.

வண்டி திரும்பி வந்தது. உப்பில் மருந்து பாதிக்கும் கீழே இறங்கியது. டிரைவர்களுக்கான கோட்டையும் எடுத்துவிட்டு, சர்க்கரையை மட்டும் பார்த்தார்கள். சில மாதங்களில் பதினொரு மணித் தள்ளாட்டம் நின்றுபோனது. மிட்டாய் மட்டும் நிற்கவில்லை. தள்ளாடாவிட்டாலும் பதினொரு மணிக்குக் கை பைக்குள் போகிறது, பக்கத்தில் நிற்பவருக்கு நீட்டுகிறது. இனி தேவையில்லை என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஊர் அதைப் படித்துவிட்டு, மிட்டாயைச் சப்பிக்கொண்டு போய்விட்டது. ஒண்டிப்புதூர் பஸ் இன்றைக்கும் சிங்காநல்லூரில் ஓரங்கட்டுகிறது.

ஒரே ஒருவர் பாடுதான் திண்டாட்டமானது. இனிமேல் உப்புப் போட்டுச் சமைப்பாள் என்று சென்னியப்பன் ஆசையாகக் காத்திருந்தார். வரதராஜுலு நேரே வீட்டுக்கே வந்து கும்பிட்டுவிட்டார். "அம்மா, தயவுபண்ணி உன் சமையலை மாத்திராத. ஊர்லயே பொறந்த மேனிக்குச் சுத்தமான ரத்தம் இவர்கிட்டத்தான் இருக்குது. வெறும் பிளாஸ்மாவுக்கு நாங்க வேற யார்கிட்டப் போறது?" மருத்துவர்களும் பரிசோதித்துவிட்டு, காய்கறியில் இருக்கிற உப்பே இந்த உடம்புக்குப் போதும் என்றார்கள். சென்னியப்பன் கோகிலாவைப் பார்த்தார். கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் வருஷத்தில் ஒருநாள் அவருக்கு விடுதலை உண்டு. ஆயுத பூஜையன்று முதல் ஊசி அவருக்குத்தான். ரத்தம் எடுத்து முடித்த பிறகே மகராசிக்குச் சந்தனம் வைப்பார்கள், அதற்கப்புறமே பொரி மூட்டையை அவிழ்ப்பார்கள். அந்த முதல் வருஷம் இரண்டு கை பொரியைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார் சென்னியப்பன். கோகிலா இலை போட்டு வைத்திருந்தாள். ரசத்தைக் கரண்டியில் எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புப் போட்டு, மறுபடி பார்த்து, மறுபடி போட்டு வைத்த ரசம் அது. ஊற்றிவிட்டு, கல்யாணம் ஆன முதல் வாரத்து முகத்தோடு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படியிருக்கு?"

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். நெடுநேரம் யோசித்தார்.

"உப்புக் கரிக்குது" என்றார்.

கோகிலா எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டாள்.